சுமையைக் கட்டுவோரும் சுமப்போரும்

காலம் எல்லார்க்கும் ஒரே அளவாகவே வழங்கப்பட்டிருக்கிறது. மாவட்ட ஆட்சியருக்கும் நாளொன்றுக்கு 24 மணி நேரம். அவரது அலுவலகத் தாழ்வாரத்தில் மனுவோடு நிற்கும் மூதாட்டிக்கும் 24 மணி நேரம். ஆயினும் காத்திருப்பு மட்டும் எல்லார்க்கும் ஒரே அளவாகப் பங்கிடப்படுவதில்லை. யார் யாரைக் காக்க வைக்கிறார் என்று கவனித்தாலே ஒரு சமூகத்தின் மேடு பள்ளங்கள் நமக்குப் புலப்பட்டுவிடும். பண்ணையாரின் திண்ணையோரம் கூலிக்காரன் நின்றான். தாலுகா அலுவலக வாயிலில் குடியானவன் நின்றான். அரசு மருத்துவமனை வரிசையில் ஏழைத் தாய் நின்றாள். இவர்களை நிற்க வைத்தவர்கள் எவரும் அவ்வாறு நின்றதில்லை.

இன்று அந்தக் காத்திருப்பின் பெரும்பகுதி கைப்பேசியின் திரைக்குள் குடிபுகுந்துவிட்டது. சாதிச் சான்றிதழா, கல்லூரிச் சேர்க்கையா, தேர்வு முடிவா, இரயில் பயணச்சீட்டா, எல்லாவற்றுக்கும் ஓர் இணையப் பக்கம் திறந்தாக வேண்டும். அது திறக்கும் வரை திரையின் நடுவே சிறு வளையம் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும். "நெட் ஸ்லோ", "சர்வர் ஸ்லோ" என்று இரண்டே சொற்களில் நாம் அதனைச் சொல்லி முடித்துவிடுகிறோம். மழை பெய்கிறது, வெயில் அடிக்கிறது என்பதைப் போல 'சர்வர் ஸ்லோ' என்பதும் ஓர் இயற்கை நிகழ்ச்சியாகிவிட்டது. அவ்வாக்கியத்துக்கு எழுவாய் உண்டு. பொறுப்பாளி மட்டும் இல்லை.

நம் கேள்வி இதுதான்: ஒரு பக்கம் மெதுவாக வந்து சேருவது உண்மையிலேயே இயற்கையின் செயலா, அல்லது எங்கோ ஒருவர் எடுத்த முடிவின் விளைவா? இயற்கையின் செயலாயின் பொறுத்துக்கொள்வதே அறிவுடைமை. மனிதரின் முடிவாயின் அங்கே நீதி, அநீதி என்னும் பேச்சு எழத்தான் வேண்டும். ஆகவே குற்றம் சாற்றுவதற்கு முன் காரணங்களைப் பிரித்தறிவது நம் கடமை.

இயற்கையின் பங்கு

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் செல்லும் நெடுஞ்சாலையில், மயிலத்துக்குச் சாலை பிரியும் இடத்தில் இருக்கிறது கூட்டேரிப்பட்டு. மயிலம் முருகன் கோயிலுக்குச் செல்வோரும், சுற்றுக் கிராமங்களிலிருந்து வேலைக்கும் படிப்புக்கும் செல்வோரும் பேருந்துக்காக நிற்கும் ஊர் அது. அங்கே நிற்கும் மாணவி ஒருத்தி தன் கைப்பேசியில் ஒரு கல்லூரியின் சேர்க்கைப் பக்கத்தைத் தொடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். விரல் பட்ட அந்தக் கணத்திலிருந்து பக்கம் தோன்றும் வரை நடப்பதென்ன?

அவளது கேள்வி வானொலி அலையாக அருகிலுள்ள செல்போன் கோபுரத்தை அடைகிறது. அங்கிருந்து மண்ணுக்கடியில் புதைந்த கண்ணாடி இழைகளின் வழியே ஒளியாக ஓடுகிறது. கண்ணாடி இழைக்குள் ஒளியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர். கூட்டேரிப்பட்டிலிருந்து சென்னைக்குள்ள ஏறத்தாழ 140 கிலோமீட்டரைக் கடக்க அதற்கு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரங்கூட வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கல்லூரியின் பக்கம் அமெரிக்காவில் உள்ள ஒரு கணினியில் வைக்கப்பட்டிருக்குமானால், கடலடிக் கம்பிகளின் வழியே 15,000 கிலோமீட்டர் போக வேண்டும். மறுமொழி மீண்டும் 15,000 கிலோமீட்டர் வர வேண்டும். ஒரு போக்குவரத்துக்கு நொடியில் ஏழில் ஒரு பங்கு ஆகிவிடும்.

அதனால் என்ன, இமைப்பொழுதுதானே என்று தோன்றலாம். ஆனால் ஒரு போக்குவரத்தோடு காரியம் முடிவதில்லை. முதலில் பெயரைச் சொல்லி விலாசம் கேட்க வேண்டும். பிறகு அந்த விலாசத்துக் கணினியின் கதவைத் தட்டி இணைப்புப் பெற வேண்டும். மூன்றாவதாக, நடுவில் எவரும் ஒற்றுக் கேளாதபடி இருபுறமும் சாவிகளைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். நான்காவதாகவே, "அந்தப் பக்கத்தை அனுப்புக" என்னும் கோரிக்கை செல்கிறது. பக்கமும் ஒரே மூச்சில் வந்துவிடாது. வழி எத்தகையது என்று அறியாத அனுப்புநர் முதலில் 14 கிலோபைட் அளவே அனுப்பி, 'வந்து சேர்ந்தது' என்ற மறுமொழி கிடைத்த பின்னரே அளவை இரட்டிப்பாக்கிக்கொண்டு போகிறார். தொலைவு அதிகமாயின் இப்படிகள் ஒவ்வொன்றும் நீளும்.

ஒளியின் வேகத்தை எவராலும் கூட்டிவிட முடியாது. ஆயினும் இந்த இயற்கை எல்லைக்குள்ளும் மனிதரின் முடிவுக்கு இடமுண்டு என்பதற்கு அந்தமானே சான்று. தமிழர் பலர் வாழும் அத்தீவுகளுக்கும் நிலப்பரப்புக்கும் இடையே நெடுங்காலம் செயற்கைக்கோளே வழியாக இருந்தது. செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பது. கேள்வி அங்கே ஏறி இறங்கி, மறுமொழியும் அவ்வாறே ஏறி இறங்க, கிட்டத்தட்ட அரை நொடி ஆகும். மேற்சொன்ன நான்கு படிகளுக்குள் இரண்டு நொடிகள் போய்விடும். 2020 ஆகஸ்டு 10 அன்று சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் பிற தீவுகளுக்குமாக ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கண்ணாடி இழை தொடங்கிவைக்கப்பட்டது. தீவுகள் நகரவில்லை, ஒளியின் வேகமும் மாறவில்லை. அம்மக்களின் காத்திருப்பு செலவுக்குரியது என்று ஓர் அரசு முடிவு செய்தது, அவ்வளவே. தமிழ்நாட்டு மாணவர்க்கான பக்கத்தை அமெரிக்காவில் வைப்பதா சென்னையில் வைப்பதா என்பதும் அத்தகைய முடிவுதான்.

நெரிசலின் பங்கு

அடுத்தது நெரிசல். பொங்கல் விடுமுறை முடிந்து மக்கள் சென்னைக்குத் திரும்பும் நாளில் விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைக் கண்டோர் அறிவர். நான்கு வழிச் சாலை அகலமாகத்தான் இருக்கிறது. ஆனால் சாவடியில் ஒரு வண்டிக்கு ஆகும் நேரம் குறையாத வரை, சாலையின் அகலம் வரிசையின் நீளத்தைக் குறைப்பதில்லை. சுங்கக் கட்டணத்துக்கு 2021 பிப்ரவரியில் பாஸ்டேக் கட்டாயமாக்கப்பட்டபோது சாலை ஓரங்குலமும் அகலமாகவில்லை. சாவடியில் நிற்கும் நேரந்தான் குறைந்தது.

இணையத்திலும் அப்படியே. 'ஃபைவ் ஜி' என்பது சாலையின் அகலம். ஒரு கோபுரத்தின் கீழுள்ள அனைவரும் அச்சாலையைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். மாலை நேரத்தில் பங்கு சிறுத்துப்போகிறது. அதற்கும் அப்பால், பக்கத்தைத் தரும் கணினிதான் சாவடி. மேனிலைத் தேர்வு முடிவு வெளியாகும் நாளில் இலட்சக்கணக்கான மாணவர் ஒரே நிமிடத்தில் அந்தச் சாவடியை நெருங்குகின்றனர். தட்கல் பயணச்சீட்டுக்குக் குளிர்சாதனப் பெட்டியாயின் காலை 10 மணி, மற்றப் பெட்டிகளாயின் 11 மணி என்று இரயில்வே நேரம் குறித்திருப்பதால், நாடு முழுவதும் அந்நொடியில் திரண்டுவிடுகிறது. மனித விரலை முந்தும் தானியங்கி நிரல்களும் அக்கூட்டத்தில் நுழைந்தன. எனவே 2025 ஜூலை முதல் தட்கல் பதிவுக்கு ஆதார் சரிபார்ப்பும், முதல் அரை மணி நேரம் முகவர்களுக்குத் தடையும் கொண்டுவரப்பட்டன.

கூட்டத்தைக் கூட்டியது இயற்கையன்று; ஒரு கடிகார நேரத்தைக் குறித்த நாம்தான். அதைத் தணிக்கும் வழியும் நம்மிடமே உண்டு. தேர்வு முடிவுகளை மாணவரின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாகவும் அனுப்பும் வழக்கம் நம் மாநிலத்தில் வந்திருப்பதைக் காண்கிறோம். ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட்டுகள் மட்டுமே. ஆறு பாடங்களின் மதிப்பெண்கள் அதற்குள் அடங்கிவிடும். ஒரு குடும்பமே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த செய்தியின் உண்மையான எடை அவ்வளவுதான்.

சுமையின் பங்கு

இப்போது மூன்றாவது காரணத்துக்கு வருகிறோம். நம் கேள்வியின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. அது பக்கத்தின் எடை.

'கூட்டேரிப்பட்டு' என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். நம் கணக்கில் எட்டு எழுத்துகள். யூனிகோடு முறையில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளிகளும் தனித்தனியே எண்ணப்படுவதால் அவை 15 குறியீடுகளாகின்றன. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டுகள் வீதம் 45 பைட்டுகள். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டே போதும். ஆகவே தமிழ் எழுத்தே பாரம் என்று சிலர் சொல்வதுண்டு. அது பிழையான கணக்கு. அனுப்பும்போது எழுத்து நன்கு சுருக்கப்பட்டே செல்கிறது. சுருக்காமல் அனுப்பினாலும், நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இக்கட்டுரை முழுவதும் 50, 60 கிலோபைட் அளவுக்கு மேற்போகாது. கைப்பேசியில் எடுத்துக் குறுக்காமல் ஏற்றப்படும் ஒரே ஒரு நிழற்படமோ 3 மெகாபைட் இருக்கக்கூடும். அந்த எடையில் 'கூட்டேரிப்பட்டு' என்று 66,000 தடவை எழுதிவிடலாம்.

இன்று உலகில் உள்ள இணையப் பக்கங்களை எடை வாரியாக வரிசைப்படுத்தினால், நடுவில் நிற்கும் பக்கம் கைப்பேசிக்கு 2 மெகாபைட்டைத் தாண்டியிருந்தது என்பது 2024ஆம் ஆண்டின் கணக்கு. அந்த எடை எதனால் ஆனது? படிப்பவர் தேடி வந்த செய்தி அதில் மிகச் சிறு பங்கு. எஞ்சியவை முகப்பில் மாறி மாறித் தோன்றும் பெரிய படங்கள், அழகுக்கான எழுத்துருக்கள், விளம்பரங்கள், வந்தவர் யார், எங்கே தொட்டார் என்று வேவு பார்க்கும் நிரல்கள். இந்த நிரல்கள் வந்து சேர்ந்தால் மட்டும் போதாது; கைப்பேசி அவற்றைப் படித்து இயக்கவும் வேண்டும். விலையுயர்ந்த கைப்பேசி நொடிப்பொழுதில் இயக்குவதை விலை குறைந்த கைப்பேசி பன்மடங்கு நேரம் எடுத்துக்கொண்டு இயக்கும். ஆக, ஒரே பக்கம் செல்வருக்கு ஒரு வேகத்திலும் வறியவருக்கு வேறு வேகத்திலும் திறக்கிறது. கடையில் ஒரே பொருளை ஏழைக்கு மட்டும் கூடுதல் விலைக்கு விற்றால் நாம் அதனை அநீதி என்போம். இங்கே விலை நேரமாக வாங்கப்படுவதால் நம் கண்ணுக்குப் படுவதில்லை.

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. ஒரு பக்க அளவுள்ள தமிழ் அறிவிப்பை எழுத்தாகவே வெளியிட்டால் சில கிலோபைட்டுகளில் முடியும். நம் அலுவலகங்கள் பலவற்றில் நடப்பதென்ன? அறிவிப்பு கணினியில் தட்டச்சு செய்யப்படுகிறது. தாளில் அச்சிடப்பட்டுக் கையொப்பமும் முத்திரையும் பெறுகிறது. பிறகு அத்தாள் படமாக வருடப்பட்டு இணையத்தில் ஏற்றப்படுகிறது. சில கிலோபைட்டுகள் சில மெகாபைட்டுகளாகிவிடுகின்றன. அப்படத்தில் எழுத்தைத் தேட முடியாது. பார்வையற்றவரின் கைப்பேசி அதனை எளிதில் வாசித்துக் காட்டாது. சிறு திரையில் இழுத்து இழுத்துத்தான் படிக்க வேண்டும். ஏற்றியவருக்கு அரை நிமிட வேலை மிச்சம். அந்த அரை நிமிடத்தை ஆயிரம் பேர் பல நிமிடங்களாகத் திருப்பிச் செலுத்துகின்றனர்.

இதுவே நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய முடிச்சு: சுமையைக் கட்டுபவர் ஒருவர், சுமப்பவர் வேறொருவர். கட்டுபவர் கெட்டவர் அல்லர். அவர் நகரத்தில், விரைவான இணைப்பும் விலையுயர்ந்த கருவியும் உள்ள அறையில் அமர்ந்திருக்கிறார். அவர் திரையில் அப்பக்கம் உடனே திறந்துவிடுகிறது. தன் தோளில் ஏறாத பாரத்தின் எடை அவருக்கு எப்படித் தெரியும்? உலகில் நடக்கும் அநீதிகளுள் பெரும்பாலானவை பகையினால் விளைந்தவை அல்ல, தொலைவினால் விளைந்தவை.

எண்ணிக்கையில் வராதவர்

இதனை மெய்ப்பிக்கும் நிகழ்ச்சி ஒன்றை யூடியூப் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த கிறிஸ் சக்கரியாஸ் 2012ஆம் ஆண்டில் எழுதினார். யூடியூபின் காணொளிப் பக்கம் அந்நாளில் 1.2 மெகாபைட் எடையுடையதாக இருந்தது. அதனை 100 கிலோபைட்டுக்குள் கொண்டுவர முயன்று, 98 கிலோபைட்டில் ஒரு பக்கத்தை அவர் ஆக்கி முடித்தார். அதைச் சிலருக்கு மட்டும் திறந்துவிட்டுக் கணக்கெடுத்தபோது வியப்புக் காத்திருந்தது. பக்கம் திறக்கும் சராசரி நேரம் குறைவதற்கு மாறாகக் கூடியிருந்தது! உழைப்பெல்லாம் வீண் என்றே தோன்றியது. பிறகு நாடுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது உண்மை விளங்கிற்று. தென்கிழக்கு ஆசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, சைபீரியா முதலான இடங்களிலிருந்து முன்னர் வராத மக்கள் வரத் தொடங்கியிருந்தனர். இலேசான பக்கமே அவர்களுக்குத் திறக்க இரண்டு நிமிடங்களுக்கு மேல் ஆயிற்று. பழைய பக்கமாயின் 20 நிமிடங்கள் ஆகியிருக்கும். அதனால் அவர்கள் அதுவரை அந்தக் கணக்கிலேயே இருந்ததில்லை.

இந்நிகழ்ச்சியை நாம் மெல்லச் சிந்தித்தல் வேண்டும். பாரமான பக்கத்தின் சராசரி ஏன் நன்றாக இருந்தது? அதைத் தூக்க முடியாதவர்கள் வாயிலிலேயே திரும்பிப் போய்விட்டதால். திரும்பிப் போனவர் முறையிடவில்லை, மனு எழுதவில்லை, எந்தப் பதிவேட்டிலும் அவர் பெயர் இல்லை. உள்ளே வந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு, "எல்லாரும் நலம்" என்று அறிக்கை எழுதப்பட்டது. இது கணினிக்கு மட்டும் உரிய பிழையா? ஒரு பள்ளி தன் தேர்ச்சி விழுக்காட்டைப் பெருமையாகச் சொல்லும்போது, நடுவில் நின்றுவிட்ட பிள்ளைகள் அவ்வெண்ணில் இருக்கிறார்களா? ஒரு சங்கம் தன் கூட்டத்தில் எவரும் குறை சொல்லவில்லை என மகிழும்போது, வரவே இயலாதவரின் குறையை யார் கேட்டார்? 'என் அயலார் யார்?' என்னும் பழைய கேள்விக்கு நம் காலம் தர வேண்டிய விடைகளுள் ஒன்று: நம் எண்ணிக்கையில் வராமற்போனவர்.

இரு மறுப்புகள்

இதற்கு மறுப்பாக இரண்டு செய்திகள் சொல்லப்படலாம். முதலாவது, "இன்று இணையம் மலிந்துவிட்டதே" என்பது. உண்மைதான். 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பின் இந்தியாவில் இணையத்தின் விலை பெரிதும் இறங்கிற்று. 2022 அக்டோபரில் ஐந்தாம் தலைமுறைச் சேவையும் தொடங்கியது. ஆனால் சாலை அகலமாகும்போதெல்லாம் வண்டிகள் பெருகுவது போல, இணைப்பு விரைவாகும்போதெல்லாம் பக்கங்களும் பருத்துக்கொண்டே வந்திருக்கின்றன. 1991இல் ஐரோப்பிய அணு ஆய்வு மையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வெளியிட்ட முதல் இணையதளத்தில் எழுத்துகளும் இணைப்புகளும் மட்டுமே இருந்தன. அதற்குப் பின் கிடைத்த வேகத்தின் பலன் முழுவதும் படிப்பவர் கைக்கு வந்து சேரவில்லை; இடையிலேயே பெரும்பகுதி செலவழிக்கப்பட்டுவிட்டது.

இரண்டாவது மறுப்பு ஆழமானது. "காத்திருத்தல் நல்லதுதானே? எல்லாம் உடனே வேண்டும் என்னும் அவசரமே இக்காலத்தின் நோயன்றோ?" நம்மைப் போன்றவர்க்கு இவ்வாதம் இனிமையாகவே ஒலிக்கும். விதைத்தவர் காத்திருக்கிறார், கருவுற்றவள் காத்திருக்கிறாள், அக்காத்திருப்பில் ஏதோ ஒன்று வளர்கிறது. வளையம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் காத்திருப்பில் எதுவும் வளர்வதில்லை. மனிதரின் கவனத்துக்கு எல்லையுண்டு. ஒரு நொடிக்குள் மறுமொழி வந்தால் எண்ணத்தின் ஓட்டம் அறுபடாது. பத்து நொடிகளைத் தாண்டினால் கவனம் கலைந்துவிடும் என்று யாக்கோப் நீல்சன் 1993இல் எழுதினார். கவனம் கலைந்தவர் விண்ணப்பத்தைப் பாதியில் விட்டுவிடுவார். கடைசித் தேதி கடந்துவிடும். மறுபடியும் ஒரு நாள் கூலியை இழந்து சேவை மையத்துக்கு வருவார். பொறுமை நற்பண்பே. ஆயினும் அதைப் போதிக்கும் உரிமை காத்திருப்பவருக்கே உண்டு. காக்க வைப்பவருக்கு இல்லை.

நாம் செய்யக்கூடியது

இவையெல்லாம் பொறியாளரும் அரசும் கவனிக்க வேண்டியவை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. இன்று நாம் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு சுமையைக் கட்டுபவராகவும் இருக்கிறோம். நம் பள்ளிக்குப் பக்கம் உண்டு. நம் சங்கத்துக்குக் குழு உண்டு. நம் குடும்பத்துக்கு வாட்ஸப் உண்டு. கூட்டம் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு என்னும் செய்தியை ஒரு வரியில் எழுதி அனுப்பலாம். அதையே பூ வேலைப்பாடுள்ள படமாக்கி இருநூறு பேருக்கு அனுப்புவதும் நம் வழக்கமாக இருக்கிறது. நிழற்படத்தைக் குறுக்கி ஏற்றுவதற்கு ஒரு நிமிடம் போதும். சேர்க்கைக்குத் தேவையான தேதியையும் கட்டணத்தையும் தொலைபேசி எண்ணையும் பக்கத்தின் தலையில் எழுத்தாகவே வைத்துவிட்டால், முதலில் வந்து சேரும் அந்த 14 கிலோபைட்டுக்குள்ளேயே அவை படிப்பவரை அடைந்துவிடும். எஞ்சிய அலங்காரம் வந்தாலும் வரட்டும், வராவிட்டாலும் குறையில்லை.

எல்லாவற்றிலும் எளிய சோதனை ஒன்று உண்டு. பக்கத்தை ஆக்கியவர் அதைத் தம் அலுவலகத்தில் திறந்து பார்ப்பதோடு நிறுத்தாமல், விலை குறைந்த கைப்பேசி ஒன்றை எடுத்துக்கொண்டு, மாலை வேளையில் கூட்டேரிப்பட்டுப் பேருந்து நிறுத்தம் போன்றதொரு இடத்தில் நின்று திறந்து பார்க்கட்டும். கட்டிய சுமையைக் கட்டியவரே ஒரு முறை தூக்கிப் பார்த்தால், வீணானவை எவை என்று எவரும் அவருக்குச் சொல்ல வேண்டியிராது.

ஒளியின் வேகத்தையும் கடலின் அகலத்தையும் நாம் மாற்ற முடியாது. அவற்றால் வரும் நேரத்தை எல்லாரும் சேர்ந்து பொறுப்போம். மற்ற நேரத்தையோ யாரோ ஒருவர் யாரோ ஒருவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறார். இனி 'சர்வர் ஸ்லோ' என்னும் சொல் நம் காதில் விழும்போது, இந்தக் காத்திருப்பு எந்த வகையைச் சேர்ந்தது என்று கேட்டுப் பார்ப்போம். நம்மால் ஒருவர் காத்திருக்க நேரும் இடங்களில் அக்கேள்வியை நம்மிடமே கேட்போம்.